ஹிரோஷிமாவில் பிழைத்தவர்கள் வரைந்த படங்கள்: முதுமை, மறதி, ஆறுதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் பல வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு, அன்று கண்டதைப் படமாக வரைந்தார்கள். ஓவியம் படித்தவர்கள் அல்ல. கடைக்காரர்கள், வீட்டைக் கவனித்த பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அந்தப் படங்களைப் பற்றியும், வயதான மனம் பழைய துயரத்தை என்ன செய்கிறது என்பது பற்றியும் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

இந்தப் படங்கள் எப்படி ஆரம்பித்தன?

ஒரே ஒரு முதியவரால். 1974-ல் கோபயாஷி இவாகிச்சி என்ற 77 வயதுக்காரர், தான் வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஹிரோஷிமாவில் உள்ள என்.ஹெச்.கே. தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்தார். குண்டு விழுந்த அன்று மாலை 4 மணி வாக்கில் யோரோசுயோ பாலத்தருகே கண்ட காட்சி அது. அந்தச் சமயத்தில் என்.ஹெச்.கே.யில் ஒரு தொடர் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அணுகுண்டு அதிர்ச்சியில் நினைவிழந்த ஒரு சிறுமியின் கதை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வரைய உட்கார்ந்தார். சாவதற்குள் இதை யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நிலையத்தார் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடவில்லை. உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் வரைந்து அனுப்புங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் 2,200-க்கும் மேற்பட்ட படங்கள் குவிந்தன. 2002-ல் மறுபடி கேட்டபோது இன்னும் ஆயிரத்துக்கு மேல் வந்தன. இன்று ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் 5,000 படங்கள் வரை இருக்கின்றன.

புகைப்படங்கள் இருக்குமே, படம் எதற்கு?

இல்லை என்பதுதான் பதில். குண்டு விழுந்த அன்று நகருக்குள் எடுத்த புகைப்படங்கள் மிகச் சொற்பம். உள்ளூர்ப் பத்திரிகைப் புகைப்படக்காரர் மட்சுஷிகே யோஷிடோ கையில் கேமராவுடன் நாள் முழுக்க அலைந்தார். நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தே படங்கள். மியுகி பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்த, தோல் வெந்த பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது பொத்தானை அழுத்த வெகுநேரம் கை வரவில்லை, கண்ணீரில் எதுவும் தெரியவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

ஆக, அந்த முதல் நாள் தரையில் எப்படி இருந்தது என்பதற்குப் பெரும்பாலும் பிழைத்தவர்களின் கண்தான் கேமரா. விமானத்திலிருந்து எடுத்த மேகத்தை உலகமே பார்த்திருக்கிறது. அந்த மேகத்துக்கு அடியில் இருந்தவர்கள் பலர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு வெளிச்சம், அப்புறம் இருட்டு, அவ்வளவுதான் அவர்கள் கண்டது.

முப்பது வருஷம் ஏன் சும்மா இருந்தார்கள்?

முதல் சில வருஷம் பேசவே முடியாது. அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1945 செப்டம்பரிலேயே பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தணிக்கை போட்டது. அது போன பிறகும் வாய் திறக்காமலிருக்கச் சொந்தக் காரணங்கள் இருந்தன. குண்டுக்கு ஆளானவர் என்று தெரிந்தால் பெண் கொடுக்கத் தயங்குவார்கள், பெண் எடுக்கவும் தயங்குவார்கள்; பிள்ளைகளுக்கு நோய் வரும் என்ற பயம். பெற்ற பிள்ளைகளிடமே சொல்லாமல் மறைத்தவர்கள் ஏராளம்.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்து, வேலையும் ஓய்ந்து, வீடு அமைதியான பிறகுதான் பலருக்கு அந்த நாள் முழுசாகத் திரும்பி வந்தது. போரைப் பார்த்தவர்கள் பல நாடுகளிலும் இதையே சொல்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை நினைவு பின்னாலேயே வரும், உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும்.

படங்கள் எப்படி இருக்கும்?

பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது போலத்தான் பல படங்கள் முதலில் தெரியும். க்ரேயான், கலர் பென்சில், ஸ்கெட்ச் பேனா, போஸ்டர் கலர், கையில் என்ன கிடைத்ததோ அது. உடம்புகள் குச்சி குச்சியாக, கைகளை முன்னால் நீட்டியபடி, நகத்தருகே தோல் தொங்க நடந்து வரும். ஆற்றில் மிதப்பவர்கள், தீயணைப்புத் தொட்டிக்குள் இறங்கி அங்கேயே இறந்தவர்கள், குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி கருகிப்போன தாய்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். பல படங்களில் ஓரத்திலும் நடுவிலும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: எந்தத் தெரு, எத்தனை மணி, அந்தப் பெண் என்ன சொன்னாள், நான் எங்கே நின்றேன். சிலவற்றில் கூட்டத்துக்குள் ஓர் உருவத்தைக் காட்டி ‘நான்’ என்று குறித்திருக்கிறார்கள். தன் கண்ணால் கண்டதை வரையும்போது தன்னையும் வெளியிலிருந்து பார்க்கிறார்கள். பழைய நினைவுகளுக்கு இந்தக் குணம் உண்டு என்று உளவியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வருஷம் ஆக ஆக, நாம் நம் நினைவுக்குள்ளேயே ஓர் ஆளாகத் தெரிய ஆரம்பிக்கிறோம்.

ஏன் இத்தனை படங்களில் தண்ணீர்?

தீக்காயம் பட்டவர்கள் கடைசியாகக் கேட்டது அதைத்தான். ஆனால் காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார், கொடுக்காதே என்று அன்று சொல்லி வைத்திருந்தார்கள். அதை நம்பிக் கொடுக்காமல் கடந்து போனவர்கள் உண்டு. கொடுத்து, அவர் குடித்த உடனே கண் முன்னால் இறந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் தூக்கம் போனது. உயிர் பிரியும் நேரத்தில் வாயை நனைப்பது ஜப்பானிலும் வழக்கம் என்பதால், மறுத்தவர்களுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி சாதாரணமானதல்ல.

இன்றும் ஒவ்வொரு ஆகஸ்ட் 6-ம் தேதி நினைவு நாளில் இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைக்கிறார்கள். முதியவர்கள் வரைந்த பல படங்களையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். வருஷா வருஷம் திவசம் கொடுப்பது போல, அன்று செய்ய முடியாமல் போனதைக் காகிதத்தில் செய்கிறார்கள்.

வயதானால் எல்லாம் மறந்துவிடுமே, இது மட்டும் எப்படி நிற்கிறது?

மறதி கடைசியில் வந்ததைத்தான் முதலில் எடுத்துப் போகும். அல்சைமர் நோயில் காலையில் சாப்பிட்டது மறக்கும், பேரன் பெயர் மறக்கும், பத்து வயதில் ஓடிய தெரு நிற்கும். புதிய விஷயங்களைப் பதிய வைக்கும் மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுவதும், பழையவை மூளையில் பல இடங்களில் ஊறிப்போயிருப்பதும் காரணம். பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குமான நினைவுகள் பொதுவாகவே எல்லோருக்கும் கெட்டியாக இருக்கும். ஹிரோஷிமாவில் அன்று பிள்ளைகளாகவும் இளைஞர்களாகவும் இருந்தவர்கள்தான் பின்னாளில் முதியவர்களாகப் பேசினார்கள். போதாததற்கு, உயிர் பயத்தில் பதிந்தது ஆழமாகப் பதியும்.

அப்படியானால் மறதி வந்தால் அவர்களுக்கு நிம்மதிதானே?

இதை நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்கள். ஆனால் நடப்பது பெரும்பாலும் வேறு. மறதி முதலில் கரைப்பது துயரத்தை அல்ல, அந்தத் துயரத்தைக் கட்டி வைத்திருந்த அணையை. “அது 1945, இப்போது போர் இல்லை, நான் வீட்டில் இருக்கிறேன்” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் திறன் போய்விடுகிறது. அணை போனால் சைரன் சத்தமோ, கேமரா ஃப்ளாஷோ, மீன் கருகும் வாசனையோ போதும், அவர் மறுபடி அந்தத் தெருவில் நிற்பார். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாத அப்பா திடீரென்று இரவில் கத்துவது இதனால் இருக்கலாம். அதைப் பைத்தியம் என்று குடும்பம் நினைத்துக்கொள்வதுதான் கொடுமை.

பழைய துயரத்துக்கும் மறதிக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,80,000-க்கும் மேற்பட்டவர்களை ஏழு வருஷம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு என்று தெரிந்தது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் போரைக் கடந்து வந்தவருக்கு மறதி வந்தால், சும்மா வயசாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

முப்பது, ஐம்பது வருஷம் கழித்து வரைந்த படத்தை நம்பலாமா?

எதற்காக நம்பப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கட்டடம் ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்று அறிய வேண்டுமானால் பழைய வரைபடத்தைப் பாருங்கள். நினைவு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் மாறும். பின்னால் பார்த்த சினிமா, கேட்ட கதை எல்லாம் உள்ளே கலந்துவிடும். அணுகுண்டின் பேரதிர்ச்சியும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் ஒருவருக்கொருவர் தெரியாத நூற்றுக்கணக்கான பேர், தனித்தனி வீட்டில் உட்கார்ந்து, ஒரே மாதிரி நீட்டிய கைகளையும் ஒரே மாதிரித் தண்ணீர்த் தொட்டிகளையும் வரையும்போது அதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. அருங்காட்சியகமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அங்கே முன்பு தோல் உரிந்த மனிதர்களின் உருவப் பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். குழந்தைகள் பயந்து அழும். பிழைத்தவர்களோ, உண்மை இதைவிடக் கோரம், இது ஒன்றுமே இல்லை என்பார்கள். 2017-ல் பொம்மைகளை எடுத்துவிட்டார்கள். 2019-ல் புதுப்பித்துத் திறந்த மண்டபத்தில் இறந்தவர்களின் உடைமைகளும், அவற்றோடு பிழைத்தவர்கள் வரைந்த படங்களும் இருக்கின்றன. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். செய்து வைத்த பொம்மையைவிட நடுங்கும் கை போட்ட கோடு நேர்மையானது.

வரைந்தால் ஆறுதல் கிடைக்குமா?

சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. வரைந்த பிறகு பல நாள் தூங்க முடியாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். வரைய உட்கார்ந்து பாதியில் எழுந்து போனவர்களும் இருப்பார்கள். அந்தப் படங்கள் நம் கைக்கு வரவில்லை.

ஆறுதல் கிடைத்த இடத்தில் அது எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், மறந்ததால் அல்ல. தலைக்குள் தனியாக இருந்தது வெளியே வந்து, இன்னொருவர் கையில் ஏறியதால். சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் அழுதால் நமக்கும் உடையும். வரையும்போது இருவரும் காகிதத்தைப் பார்த்தால் போதும். “இந்த இடம் இன்னும் கறுப்பாக இருந்ததா?” என்று ஒருவர் கேட்க, “ஆமாம், இன்னும் கொஞ்சம்” என்று இவர் சொல்ல, அறுபது வருஷம் வாயில் வராதது நிறமாக வந்துவிடும். கோபயாஷி படத்தை வீட்டிலேயே வைத்திருக்கலாம், தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். வரைந்ததைவிட அந்தக் கொடுத்ததுதான் பெரிது என்பது என் எண்ணம்.

எல்லோரும் குண்டைத்தான் வரைந்தார்களா?

இல்லை, இதை அவசியம் சொல்ல வேண்டும்.

மாருகி சுமா 1875-ல் பிறந்தவர். குண்டு விழுந்தபோது ஹிரோஷிமாவில் இருந்தார். அதன் பாதிப்பில் கணவர் மறு வருஷமே போய்விட்டார். மகன் இரியும் மருமகள் தோஷியும் ஓவியர்கள். 1950 முதல் முப்பது வருஷத்துக்கு மேலாக அணுகுண்டைப் பற்றிப் பெரிய பெரிய திரைகளாக 15 ஓவியங்கள் வரைந்தவர்கள். மாமியார் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அம்மா நீங்களும் வரையுங்கள் என்று தூண்டியது மருமகள்தான். அப்போது சுமாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. 1956-ல் இறப்பதற்குள் 700-க்கும் மேற்பட்ட படங்கள். குண்டையும் வரைந்தார். ஆனால் பெரும்பாலும் பூனை, கோழி, மீன், பூ, அதுவும் பளீர் நிறங்களில். ஒரு தாளுக்குள் எவ்வளவு உயிர்களை அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைத்திருப்பார். மகனும் மருமகளும் சாவை வரைந்த அதே குடும்பத்தில் கிழவி கோழிக்குஞ்சு வரைந்தாள் என்பதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

ஹிராயாமா இகுவோ இன்னொரு வகை. 15 வயதில் ஹிரோஷிமாவில் குண்டுக்கு ஆளானார். பின்னாளில் கதிர்வீச்சு நோயில் உடம்பு மோசமானபோது, 1959-ல், அவர் வரைந்தது பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கை. நம் காஞ்சிபுரம் வரை வந்தாரே, அதே ஆள்தான். அதன் பிறகு பாலைவனம், ஒட்டகம், பட்டுச் சாலை என்று வாழ்நாள் முழுக்க வரைந்து ஜப்பானின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார். எரியும் ஹிரோஷிமாவை நேரடியாக வரைய 1979 வரை காத்திருந்தார். முழுக்கச் சிவந்த அந்த நெருப்புக்குள் ஒரு காவல் தெய்வம் நிற்கும்.

ஆகவே பெரியவரை உட்கார வைத்து “அந்த நாளை வரையுங்கள்” என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் பூனை வரைய வேண்டும் என்றால் பூனைதான்.

கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை என்பவர்கள் என்ன செய்தார்கள்?

ஹிரோஷிமாவின் மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் படிக்கும் மாணவர்கள் 2007 முதல் அவர்களுக்குக் கை கொடுக்கிறார்கள். பிழைத்தவர் ஒருவரோடு ஒரு மாணவர். பல மாதம் அடிக்கடி சந்தித்துப் பேசி, ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் முடிப்பார்கள். இதுவரை சுமார் 200 படங்கள். அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களிடம் பேசும்போது அந்த முதியவர்கள் இப்படங்களையே திரையில் காட்டுகிறார்கள்.

மாணவர் வரைந்து வருவார். பெரியவர் பார்த்து, நெருப்பு இப்படி இல்லை, தோல் இந்த நிறமில்லை என்பார். மாணவர் திரும்பப் போய் மாற்றுவார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வெந்த தோலின் நிறத்தைத் தேடுவது லேசான வேலை அல்ல. பல நாள் தூரிகையை எடுக்கவே முடியாமல் இருந்தவர்கள் உண்டு. ஆனால் இதில் பெரியவருக்கு நடப்பதைப் பாருங்கள். தன் நினைவை ஒருவர் இவ்வளவு அக்கறையாக, நிறம் நிறமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பெற்ற பிள்ளைகளிடமே பேசாதவர் பேரப்பிள்ளை வயதில் உள்ள ஒருத்தியிடம் பேசுகிறார்.

ஓவியம் மட்டும்தானா?

பாட்டு, கவிதை, நாடகம் எல்லாம் உண்டு. நாகசாகியில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும், குண்டுக்கு ஆளானவர்களுக்கான முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வரும்போது, அங்கே இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையே நாடகமாக நடித்துக் காட்டும் வழக்கம் பல வருஷமாக உண்டு.

இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஜப்பான் அரசு அடையாள அட்டை கொடுத்திருப்பவர்களின் எண்ணிக்கை, இரு நகரங்களையும் சேர்த்து, 2025 மார்ச் இறுதியில் முதல் முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே போனது. சராசரி வயது 86-ஐத் தாண்டிவிட்டது. இன்று இருப்பவர்கள் அன்று குழந்தைகள். சிலர் தாயின் வயிற்றில். அன்றைய நாள் நன்றாக நினைவிருப்பவர்கள் இன்னும் குறைவு. இதை முன்கூட்டியே யோசித்து ஹிரோஷிமா மாநகராட்சி 2012-ல் ஒரு பயிற்சி தொடங்கியது. பிழைத்தவர் ஒருவரின் அனுபவத்தை வேறொருவர் அவரிடமே நேரில் கேட்டுக் கற்று, அவர் சார்பில் சொல்வார். அவர்களுக்கும் இந்தப் படங்கள்தான் துணை.

எங்கள் வீட்டிலும் போரைப் பார்த்த பெரியவர் இருக்கிறார். இதைச் செய்து பார்க்கலாமா?

செய்யலாம். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகள், சயாம் ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்டவர்கள் என்று தமிழ் வீடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

போரைப் பற்றிக் கேட்டுத் தொடங்காதீர்கள். வீட்டைப் பற்றிக் கேளுங்கள். “ஊர்ல நம்ம வீட்டு முற்றம் எந்தப் பக்கம் அப்பா? கிணறு எங்கே இருந்துது?” என்று கேட்டுத் தாளை நீட்டுங்கள். கோடு போட்டால் போடட்டும். இல்லையென்றால் நீங்கள் போட்டு, சரியா என்று கேளுங்கள். தப்பாகப் போட்டால் அவரே பென்சிலைப் பிடுங்கிக்கொள்வார். அங்கிருந்து அவராக எங்கே போகிறாரோ அங்கே போங்கள். ‘நல்லா வரைஞ்சிருக்கீங்க’ என்று குழந்தையைப் பாராட்டுவது போலப் பாராட்டாதீர்கள், அவருக்கு எரிச்சல் வரும். ஆண்டு தவறு, ஊர்ப் பெயர் தவறு என்று திருத்தவும் வேண்டாம். முகம் மாறி, மூச்சு வேகமானால் அன்றைக்குப் போதும். டீ போட்டுக் கொடுத்து வேறு பேச்சு எடுங்கள். இரவில் கத்துவது, யாரோ துரத்துவதாகச் சொல்வது, சாப்பிட மறுப்பது தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பெரியவரின் போர் அனுபவத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிமென்ஷியாவை ஓவியம் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. டிமென்ஷியாவுக்கு ஓவியச் சிகிச்சை பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லப் போதுமான தரமான ஆய்வுகள் இல்லை என்றது. காசு வாங்கிக்கொண்டு நினைவைத் திருப்பித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். ஓவியம் மருந்து என்று பார்க்காமல், ஒரு மத்தியானத்தை நன்றாகக் கழிக்கும் வழி என்று பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. பெயர்கள் போன பிறகும் நிறம் பிடிக்கும், பிடிக்காது என்பது வெகுநாள் இருக்கும்.

ஹிரோஷிமா படங்களை எங்கே பார்க்கலாம்? பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் இணையத் தரவகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளிடம் காட்டுவதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள், சிலவற்றைப் பெரியவர்களாலேயே தாங்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு சுமாவின் பூனைகளிலிருந்து தொடங்கலாம்.

பெரியவர் வரைந்ததை எப்படிப் பத்திரப்படுத்துவது?

லேமினேட் செய்யாதீர்கள்; சூட்டில் க்ரேயான் உருகும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒவ்வொரு படத்துக்கு நடுவிலும் வெள்ளைத் தாள் வைத்து, தட்டையாக அடுக்குங்கள். ஸ்கெட்ச் பேனா மை சீக்கிரம் மங்கும் என்பதால் முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் அவர் பெயர், வரைந்த தேதி, படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.